ஐந்து பேருக்கு ஐந்து விதக் குளிர்: ஒரு வீட்டுக்கு வெப்பமூட்டும் முறையைத் தேர்ந்தெடுத்த ஆய்வு

வீட்டு வெப்பமூட்டல் பற்றி ஆலோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் பெயரில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஹீட் பம்ப் போடலாமா, கேஸ் பாய்லரே போதுமா என்பார்கள். (ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தரும் மின் இயந்திரம். பாய்லர் கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளில் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர் என்ற உலோகப் பலகைகளுக்கு அனுப்பும்.) இந்த வீட்டிலும் அப்படித்தான். இருபது ஆண்டைத் தாண்டிய கேஸ் பாய்லர் அடிக்கடி நின்றுபோகிறது, அடுத்த குளிர்காலத்துக்குள் மாற்றியாக வேண்டும். வீட்டுக்காரர் கையில் நான்கு விலைப்புள்ளிகள் இருந்தன. நான்கும் நான்கு வேறு முறைகளுக்கு. "இதுல எது பெஸ்ட் சார்?" என்றார். வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த அறையில் இருப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு மாலை முழுதும் ஆயிற்று. முக்கால்வாசித் தேர்வு அந்த மாலையிலேயே முடிந்துவிட்டது.

அடையாளம் தெரியாமலிருக்க, ஒன்றுபோல் இருந்த சில வீடுகளின் விவரங்களை ஒரே வீடாக்கி, எண்களையும் தோராயமாக்கித் தந்திருக்கிறேன். கணக்குப் போடும் முறை எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

வீட்டில் இருப்பவர்கள்

தனி வீடு, இரண்டு தளம், மொத்தம் 120 சதுர மீட்டர். வீட்டுக்காரரின் அம்மா, எண்பதை நெருங்குகிறவர், கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறையில் இருக்கிறார். பகல் முழுதும் வீட்டில்தான், அதிலும் பெரும்பொழுது சன்னலோர நாற்காலியில். வீட்டுக்காரருக்கு இரவுப் பணி. காலை ஏழு மணிக்கு வந்து, பிற்பகல் வரை மாடியில் தூங்குவார். அவர் மனைவி வெளியே வேலைக்குப் போகிறவர். வாரத்தில் சில மாலைகளில் மாடியிலுள்ள சின்ன அறையில் இரண்டு மணி நேரம் கணக்கு வேலை பார்ப்பார். கல்லூரிக்குப் போகும் மகள் ஒருத்தி, பள்ளிக்குப் போகும் பையன் ஒருவன். பையனுக்கு வீசிங் உண்டு.

ஆளுக்கொரு ஆசை இருந்தது. பாட்டிக்கு எந்நேரமும் கதகதப்பு வேண்டும். மருமகளுக்குப் படுக்கையறை குளுகுளுவென்று இருந்தால்தான் தூக்கம் வரும். மகள் தோழி வீட்டில் தரைக்கடியில் வெப்பம் வரும் அமைப்பைப் பார்த்துவிட்டு வந்து, வீடு முழுக்க அதையே போட வேண்டும் என்றாள். வீட்டுக்காரருக்கு விறகு எரியும் கணப்படுப்பின் மேல் ஒரு கண். பையனைக் கேட்டால், காலையில் குளியலறை சில்லென்று இல்லாமல் இருந்தால் போதுமாம். ஐந்து பேரில் மகளும் வீட்டுக்காரரும் இயந்திரத்தைச் சொன்னார்கள், மற்ற மூவரும் தேவையைச் சொன்னார்கள்.

பழைய பாய்லரைக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம் என்று ஓட்டிவந்தார்கள். நடுப்பகலில் "வீட்டில் யாரும் இல்லை" என்பது கணக்கு. பாட்டி இருக்கிறாரே என்று கேட்டதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தன் அறையில் ஒரு மின்விசிறி ஹீட்டரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். 2 கிலோவாட் ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 12 யூனிட் மின்சாரம். வெப்பமூட்டும் செலவு என்று எழுதிவைத்திருந்த தாளில் அது ஏறவே இல்லை. கேஸ் பில் மட்டும்தான் இருந்தது.

அளந்து பார்த்தது

பாய்லரின் பெயர்ப்பலகையில் 24 கிலோவாட் என்றிருந்தது. அதைப் பார்த்து, புதிதாக வைப்பதும் அந்த அளவில் இருக்க வேண்டும் என்று நினைப்பது சகஜம். ஆனால் குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் பாய்லர்களில் அந்த எண் குளியலுக்கானது. வீட்டைச் சூடாக்க அவ்வளவு தேவைப்படுவதில்லை.

வெப்ப இழப்பைக் கணக்கிட ஒவ்வொரு பரப்பையும் அளந்து, அதன் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் கசிகிறது என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். சுவர்கள் 130 சதுர மீட்டர், ஓரளவு வெப்பக்காப்பு உள்ளவை: 78 வாட். பழைய இரட்டைக் கண்ணாடி சன்னல்கள் 22 சதுர மீட்டர்: 62 வாட். மேற்கூரையில் பெயருக்கு ஒரு மெல்லிய காப்பு: 42 வாட். தரை 36, கதவுகள் 6. இடுக்குகளில் புகுந்து வெளியேறும் காற்று: 79 வாட். ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 303 வாட். வெளியே மைனஸ் 7, உள்ளே 20 என்றால் வேறுபாடு 27 டிகிரி. இந்த வீட்டின் உச்சபட்சத் தேவை 8.2 கிலோவாட்தான்.

பட்டியலில் பெரிய எண் சுவருடையதும் காற்றுடையதும். கை வைக்க எளிதானவை கூரையும் காற்றும். பரணில் 30 சென்டிமீட்டர் தடிமனுக்குக் காப்பு விரித்தால் 42 என்பது 9 ஆகும். கதவடி, சன்னல் விளிம்பு, குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்கள் ஆகியவற்றை அடைத்தால் 79 என்பது 50 ஆகும். இரண்டும் சேர்ந்து உச்சத் தேவையை 6.5 கிலோவாட்டுக்கு இறக்கும். எந்த இயந்திரத்தை வாங்கினாலும் இந்த வேலை முதலில் நடந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, பிறகு காப்பு போட்டால் தேவைக்கு மீறிய இயந்திரம் வீட்டில் நிற்கும்.

பாட்டியின் நாற்காலி தனிக் கதை. "ரூம்ல இருபத்தொண்ணு இருக்குன்னு இவன் மீட்டரைக் காட்டறான் தம்பி. என் முழங்காலுக்கு அது தெரியமாட்டேங்குது" என்றார். வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். அகச்சிவப்பு வெப்பமானியை நாற்காலிக்குப் பின்னால் இருந்த சன்னல் கண்ணாடியில் காட்டினேன்: 13 டிகிரி. எதிர்ச்சுவரில் 20. உடல் காற்றை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள பரப்புகளோடும் கதிர்வீச்சாக வெப்பத்தைக் கொடுத்து வாங்குகிறது. நாம் உணரும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றுப் பரப்புகளின் சராசரிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய குளிர்ந்த கண்ணாடி, அதன் வழியே வழிந்து கணுக்காலில் படியும் குளிர்காற்று. அசையாமல் உட்கார்ந்திருக்கும் வயதானவர் உடலில் வெப்ப உற்பத்தியும் குறைவு. குறைந்தது 18 டிகிரி என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல் சொல்லும் அளவு. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்று அதுவே சொல்கிறது. நாற்காலியை உட்சுவர் ஓரமாக நகர்த்தினோம். அன்று மாலையே ஹீட்டர் நின்றது. செலவு ஒன்றுமில்லை. வெளிச்சம் போய்விட்டது என்ற குறை மட்டும் இன்னும் இருக்கிறது.

எதை ஏன் விட்டோம்

இயந்திரங்களைச் செயல்திறன் எண்ணால் ஒப்பிடுவதுதான் வழக்கம். நான் முதலில் பார்ப்பது வேகம். ஓர் அமைப்பு எவ்வளவு சீக்கிரம் சூடேறி எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது, அந்த வீட்டின் நாள் எந்த வேகத்தில் நகர்கிறது, இந்த இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். பொருந்தாவிட்டால் எவ்வளவு திறமையான இயந்திரமும் ஆளைப் படுத்தும்.

மகளின் தரைவெப்ப ஆசையை அந்தக் கண்ணோடு பார்த்தோம். குழாய்களின் மேல் ஆறேழு சென்டிமீட்டர் சிமென்ட் பூச்சு. அது சூடேறவும் ஆறவும் பல மணி நேரம் பிடிக்கும். நாள் முழுதும் ஒரே சீராக இருக்கும் வீட்டுக்கு அதைப்போல் இதமானது வேறில்லை. 35 டிகிரி தண்ணீரிலேயே ஓடும், ரேடியேட்டரும் கண்ணில் படாது. ஆனால் இந்த வீட்டுக் கூடத்தில் மேற்குப் பார்த்த பெரிய சன்னல் இருக்கிறது. வெயில் வரும் பிற்பகலில் கூடம் தானாகவே சூடாகும். காலையிலிருந்து சூடேறிய தரை அதை அறிந்து உடனே ஆறாது. எல்லோரும் சன்னலைத் திறப்பார்கள். அதோடு இருக்கும் தரையைப் பெயர்த்தெடுக்க வேண்டும். வேலை நடக்கும் வாரங்களில் கீழ்த்தளத்தில் இருக்கும் பாட்டி எங்கே போவார்? புதிதாகக் கட்டும் வீடாக இருந்தால் மகள் பக்கம்தான் பேசியிருப்பேன். கூடத்தில் கனமான கம்பளம் விரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அப்போதும் ஒருமுறை யோசிக்க வேண்டும். போட்ட வெப்பத்தில் கணிசமான பங்கைக் கம்பளம் தடுத்துவிடும்.

விறகு அடுப்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நெருப்பின் எதிரில் உட்காரும் சுகத்தை எந்தத் தெர்மோஸ்டாட்டும் தராது. மின்தடையின்போது வேலை செய்யக்கூடியதும் அது ஒன்றுதான். கேஸ் பாய்லருக்கும் பம்பும் விசிறியும் ஓட மின்சாரம் வேண்டும் என்பது பலருக்கு மின்சாரம் போன பிறகே தெரியவருகிறது. ஆனால் விறகை ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காயவைக்க இடம் வேண்டும், தினமும் சுமக்கக் கை வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், புகைப்போக்கியை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்ட வேண்டும். இரவுப் பணி முடித்து ஏழு மணிக்கு வருகிறவர் அடுப்பு மூட்டுவாரா? இதையெல்லாம் சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், கதவைத் திறந்து விறகு போடும் ஒவ்வொரு முறையும் நுண்துகள்கள் அறைக்குள் வரும். பையனின் வீசிங் அந்தப் பேச்சை முடித்துவைத்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த விலைப்புள்ளியை மட்டும் அவர் கிழிக்கவில்லை.

சுவரில் மாட்டும் ஏர் கண்டிஷனர் வகை ஹீட் பம்ப் வேகத்தில் கெட்டிக்காரன். நிமிடங்களில் அறை சூடாகும். காலில் காற்றுப் பட்டால் பாட்டிக்கு ஆகாது என்பதால் அது கழிந்தது. வீடு முழுக்க நேரடி மின்சார ஹீட்டர் என்ற யோசனை, பாட்டி அறையின் 12 யூனிட்டைக் கண்டதோடு யாரும் எடுக்காமலே நின்றுபோனது.

மிச்சம் இருந்தவை இரண்டு: புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் மீட்கும் புதிய வகைக் கேஸ் பாய்லர், அல்லது வெளிக்காற்றிலிருந்து வெப்பமெடுத்து ரேடியேட்டர் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப். பாய்லரின் பெரிய பலம், கேட்டவுடன் நிறைய வெப்பத்தைக் கொட்டுவது. பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அந்தக் குணம் தங்கம். ஆள் இல்லாதபோது அணைத்து வைத்தால் வீடு ஆறும், வேறுபாடு குறையும், இழப்பும் குறையும். ஆனால் இங்கே பகலிலும் பாட்டி இருக்கிறார், மாடியில் ஒருவர் தூங்குகிறார். வீடு நாள் முழுதும் சூடாகவே இருந்தாக வேண்டும். அப்படியானால் குறைந்த சூட்டில் நிதானமாக ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரத்துக்கே இந்த வீடு ஏற்றது. ஹீட் பம்ப் அப்படிப்பட்டது.

ஓட்டும் செலவில் ஒரு சின்னக் கணக்கு போதும். ஹீட் பம்ப் ஆண்டுச் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.2 யூனிட் வெப்பம் தருகிறது, பாய்லர் ஒரு யூனிட் கேஸுக்கு 0.9 தருகிறது என்று கொள்வோம் (எல்லா இடத்திலும் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). 3.2ஐ 0.9ஆல் வகுத்தால் சுமார் மூன்றரை. மின்சார யூனிட் விலை கேஸ் யூனிட் விலையைப்போல் மூன்றரை மடங்குக்குக் கீழே இருந்தால் ஹீட் பம்ப் மலிவு. மேலே போனால் பாய்லர் மலிவு. இவர்கள் கட்டணத்தில் மூன்றரைக்குச் சற்றுக் கீழே இருந்தது. சொல்லிக்கொள்ளும்படியான லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வீட்டின் நாள்முறைதான் தராசைச் சாய்த்தது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

ஹீட் பம்பின் திறன் தண்ணீரை எவ்வளவு சூடாக்கச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 2 விழுக்காடு திறன் போகும். பழைய பாய்லர் 75 டிகிரித் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது. அதே ரேடியேட்டர்கள் குறைந்த சூட்டில் வீட்டைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. இதைத் தெரிந்துகொள்ள யாரும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பரண் காப்பு முடிந்ததும், கடுங்குளிர் வாரம் ஒன்றில், பழைய பாய்லரிலேயே ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 55 டிகிரிக்கு இறக்கி, நாள் முழுதும் ஓடவிடச் சொன்னேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு மலிவான வெப்பமானி. பெரும்பாலான அறைகள் 20ஐத் தொட்டன. பாட்டி அறை, குளியலறை, கூடம் மூன்றும் பின்தங்கின.

கணக்கும் அதையே சொன்னது. இருந்த ரேடியேட்டர்களின் மொத்தத் திறன் 12.5 கிலோவாட். அது தண்ணீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகமாக இருக்கும்போது அளக்கும் எண். ஹீட் பம்புக்காக இன்னும் சற்று இறக்கி, 50 டிகிரித் தண்ணீரை அனுப்பி 42இல் திரும்ப வாங்கினால் சராசரி 46. வேறுபாடு 26 டிகிரிதான். அப்போது அவற்றால் முன் சொன்னதில் 43 விழுக்காடு, அதாவது சுமார் 5.3 கிலோவாட் தர முடியும். தேவை 6.5. பின்தங்கிய மூன்று அறைகளில் மட்டும் தடிமனான ரேடியேட்டர்களை மாற்றி மொத்தத்தை 15.5க்கு ஏற்றினால் சரியாகிவிடும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஒரு விலைப்புள்ளியில் இருந்தது. அதற்குத் தேவை இல்லை. கேஸிலேயே இருக்க முடிவெடுப்பவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும். திரும்பிவரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புதிய வகைப் பாய்லர் புகையிலுள்ள நீராவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் மீட்கும்.

இயந்திர அளவில் ஒரு சிறு சண்டை நடந்தது. பொருத்துநர் "எதுக்கும் பாதுகாப்பா" 12 கிலோவாட் என்றார். 7 போதும் என்றேன். வெளியே 7 டிகிரி இருக்கும் சாதாரண நாளில் இந்த வீட்டுக்குத் தேவை 3 கிலோவாட்டை ஒட்டித்தான். பெரிய இயந்திரங்கள் பல அவ்வளவு கீழே இறங்கி ஓடா. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதனால் மின்சாரமும் போகும், கம்ப்ரஸரும் தேயும். பெரியதாக வாங்குவது பாதுகாப்பு என்ற எண்ணம் பாய்லர் காலத்து மிச்சம்.

வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதும் வாழ்க்கைமுறைக் கேள்வியே. குழாய்க்கு வசதியான இடம் வீட்டுக்காரரின் படுக்கையறைக்கு நேர் கீழே இருந்தது. பகலில் தூங்குகிறவருக்கு அது சரிவராது. குழாய் நீண்டாலும் பரவாயில்லை என்று மறுபக்கம் கொண்டுபோனோம். அங்கும் இரண்டு சுவர் சேரும் மூலையைத் தவிர்த்தோம், சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பிப் பெருக்கும் என்பதால்.

மருமகளின் கணக்கு அறைக்கு ஓர் அகச்சிவப்புத் தகடு, 500 வாட். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் மேலே படும் வெப்பம் வேண்டும், எழுந்ததும் அது நிற்க வேண்டும். எப்போதோ பயன்படும் அறைக்கு நேரடி மின்சாரம் தப்பில்லை.

முதல் குளிர்காலம்

முதல் புகார் பாட்டியிடமிருந்து. ரேடியேட்டரைத் தொட்டால் சுடவில்லை, மிஷின் ரிப்பேர் என்று மகனை எழுப்பிவிட்டார். முன்பு கை வைக்க முடியாத சூடு, இப்போது வெதுவெதுப்பு. அறை 21 டிகிரியில் நின்றதை வெப்பமானியில் காட்டியும் நம்பவில்லை. ஒரு வாரம் போனதும் அந்தப் பேச்சு தானாக அடங்கியது. ரேடியேட்டர் குமிழை 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை. அந்த எண் அறை எவ்வளவு சூடாக வேண்டும் என்பதைக் குறிக்கிறது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. தொடுதிரைக் கட்டுப்பாட்டுக்குப் பதில் அவர் அறையில் பெரிய எண்கள் உள்ள திருகு வகையை வைத்தோம்.

வெந்நீர்தான் உண்மையான இடைஞ்சல். பாய்லர் போனதால் 200 லிட்டர் தொட்டி வந்தது, அதற்கு மாடிப்படிக்குக் கீழ் இருந்த அலமாரி போனது. காலையில் ஐந்து பேரும் வரிசையாகக் குளித்தால் கடைசி ஆளுக்கு வெதுவெதுப்பே மிஞ்சும். மகள் குளியலை இரவுக்கு மாற்றிக்கொண்டாள், விருப்பமாக அல்ல. தொட்டியை வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றுவது, வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமியைக் கொல்வதற்காக. அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியாயிற்று.

ஈரமான, பூஜ்யத்தை ஒட்டிய காலைகளில் வெளிப்பெட்டி தன்மேல் படிந்த உறைபனியை உருக்கிக்கொள்ளும்போது வெண்மையாக ஆவி கிளம்பும். தீப்பிடித்துவிட்டது என்று எதிர்வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது.

மருமகளின் குறை நான் எதிர்பார்த்த திசையிலேயே வந்தது. பரணில் காப்பு போட்டபின் மாடி அறைகள் ஆறுவதே இல்லை. ரேடியேட்டரை முழுக்க மூடியும் படுக்கையறை 18க்குக் கீழே போக மறுக்கிறது. நன்றாகக் காப்பிட்ட வீட்டில் அறைக்கு அறை பெரிய வித்தியாசத்தை வைத்திருக்க முடியாது. கதவை இறுகச் சாத்தி, படுக்கும் முன் பத்து நிமிடம் சன்னலை அகலத் திறந்துவிடுகிறார். ஐவரில் இந்தத் தேர்வால் கொஞ்சம் இழந்தவர் அவர்தான்.

பாட்டி இல்லாத, எல்லோரும் காலையில் கிளம்பி இரவில் திரும்புகிற குடும்பம் இதே வீட்டில் இருந்திருந்தால் நான் எழுதித் தந்திருக்கும் அறிக்கை வேறு. பரண் காப்பு அப்படியே நிற்கும். ஆனால் சுவர் ஹீட் பம்ப் இரண்டு, அல்லது இருக்கும் ரேடியேட்டர்களோடு சின்ன பாய்லர் என்று போயிருக்கும். அதே செங்கல், அதே சன்னல், அதே 6.5 கிலோவாட்.

இப்போது பேச்சு சன்னல்களைப் பற்றி. 22 சதுர மீட்டரையும் நல்ல கண்ணாடிக்கு மாற்றினால் உச்சத் தேவை 5.6 கிலோவாட்டுக்கு இறங்கும், தண்ணீரை 50க்குப் பதில் 47இல் அனுப்பலாம். செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சேமிப்பு பெரிதில்லை, அதற்காக மட்டும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி அறைச் சன்னலை மட்டும் மாற்றினால், முன்பு 13 காட்டிய கண்ணாடி அதே குளிரில் 17, 18 காட்டும். நாற்காலி வெளிச்சத்துக்குத் திரும்பலாம். அந்த ஒரு சன்னலுக்கு அளவெடுக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.